பதிவேட்டுக்கு இரண்டாம் இருப்பிடம்

2021ஆம் ஆண்டு நவம்பர் 18, 19 ஆகிய தேதிகளில் திருப்பதி, சித்தூர் வட்டாரங்களில் பெய்த பெருமழையை அப்பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். திருமலைக்குச் செல்லும் மலைச்சாலைகள் மூடப்பட்டன. நடைபாதைப் படிகளில் வெள்ளம் அருவிபோல் இறங்கிற்று. ரேணிகுண்டாவில் இறங்க வேண்டிய விமானங்கள் திருப்பி விடப்பட்டன. ஸ்வர்ணமுகி ஆறு கரைபுரண்டது. ஓரிரு நாட்களில் ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு காணப்படவே, ஏரிக்குக் கீழேயுள்ள கிராமங்களின் மக்கள் வேறிடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர்.

இத்தகைய நாளில் ஓர் அலுவலகத்தின் வேலை நின்றுபோவதற்குக் கட்டிடம் இடிந்து விழ வேண்டியதில்லை. மின்சாரம் நின்று, மின்னாக்கிக்கு டீசல் கொண்டுவரும் லாரி வழியில் நின்றுவிட்டால் போதும். கணிப்பொறியைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஊழியர் ஆற்றுக்கு அக்கரையில் தங்கிவிட்டால் போதும். முன்காலத்தில் பேரேடு மேஜைமேல் இருந்தது. விளக்கேற்றி வைத்துக்கொண்டு எழுதலாம். இன்று பேரேடு கணிப்பொறிக்குள் இருக்கிறது. அக்கணிப்பொறியோ பெரும்பாலும் வேறொருவரின் கட்டிடத்தில் இருக்கிறது. ஆகவே, விபத்து நேர்ந்தாலும் வேலை தொடர்ந்து நடப்பதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதிவைப்பது ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் அவசியமாகிவிட்டது.

இவ்வேற்பாடு இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது. வேலை எவ்வளவு நேரம் நின்றால் பொறுக்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழந்தால் பொறுக்கலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றேபோல் தோன்றினும் ஒன்றல்ல. சம்பளப் பட்டியல் இரண்டு நாள் தாமதித்தால் முணுமுணுப்பு எழும், அவ்வளவே. ஆனால் அதில் ஒரு வரிகூடக் காணாமல் போகலாகாது. ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவு அரைமணி நேரம்கூட நிற்கலாகாது.

மூன்றாவது வகையும் உண்டு. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில், விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள ரேடார் 1,024 ஆண்டெனாக்களைக் கொண்டது. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கித் தலைக்கு மேலே வீசும் காற்றின் போக்கை அளக்கிறது. விற்பனைக் கணக்கு தொலைந்தால் ரசீதுகளைத் தேடி மீண்டும் எழுதலாம். 2021 நவம்பரில் அவ்வானத்தில் சென்ற காற்றை மீண்டும் அழைத்து அளக்க எவராலும் இயலாது. கிராமத்து மழைமானியில் காலை 8.30 மணிக்குக் குறித்த அளவும் அத்தகையதே. எப்பதிவைத் திரும்பப் பெறவே முடியாதோ, அதற்கே முதலில் பிரதி எடுக்கவேண்டும். நடைமுறையில் பல ஸ்தாபனங்கள் பணக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன. இது இயல்பே எனினும் சரியன்று.

பிரதி எடுத்தாயிற்று, அதை எங்கே வைப்பது? இங்குதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். திருப்பதியிலுள்ள அலுவலகம் தன் பிரதியைச் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரில் வைப்பதாகக் கொள்வோம். தீ விபத்துக்கு அது போதும். மேற்கூறிய மழைக்குப் போதாது. அதே மழையில் சித்தூரின் நீவா ஆறும் பெருகிற்று. சென்னை மேலும் தொலைவானது, பெரிய நகரம், தரவு மையங்கள் மிகுந்தது. எனினும் 2021 நவம்பர் 19 அதிகாலையில் அக்காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையேதான். வங்கக்கடலில் பிறக்கும் வடகிழக்குப் பருவமழை சென்னை, நெல்லூர், திருப்பதி ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் நனைப்பது புதிதன்று. ஹைதராபாத் நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்நாட்டில் இருக்கிறது. அங்கும் 2020 அக்டோபரில் வெள்ளம் வந்தது உண்மையே; ஆனால் ஒரே புயல் இரண்டையும் ஒருங்கே தாக்குவது அரிது. தேசிய தகவலியல் மையம் தன் தேசியத் தரவு மையங்களை டில்லி, புனே, ஹைதராபாத், புவனேசுவரம் முதலிய வெவ்வேறு மூலைகளில் அமைத்திருப்பதன் பயனும் இதனால் விளங்கும்.

அப்படியானால் எல்லாப் பிரதிகளையும் தொலைவிலேயே வைத்துவிடலாமே எனக் கேட்கத் தோன்றும். அதற்குப் பௌதிகம் இடம் தரவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. திருப்பதியிலிருந்து ஹைதராபாத்துக்குப் பதிவு போய், கிடைத்தது என்ற பதில் திரும்பிவர, ஒரு விநாடியின் ஆயிரத்தில் 4 பங்கிற்குக் குறையாது. இழை வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். ஒரு பதிவுக்கு இது ஒன்றுமில்லை. ஒன்று முடிந்தபின் அடுத்ததென ஆயிரம் பதிவுகள் காத்திருந்தால் 4 விநாடி கழிகிறது. பரபரப்பான சாளரத்தில் வரிசை நீண்டுவிடும். எனவே தொலைவிலுள்ள பிரதி சற்றுப் பின்தங்கியே எழுதப்படுகிறது. விபத்து நேரும்போது கடைசிச் சில நிமிடங்கள் அதில் இராமற்போகலாம். அருகிலுள்ள பிரதி முழுமையானது, ஆனால் அதே மழையில் நனையக்கூடியது. பெரிய ஸ்தாபனங்கள் அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வைப்பது இதனாலேயே. செலவு கூடும், தவிர்க்க வழியில்லை.

சொந்தமாகத் தரவு மையம் கட்டுவது சிறிய ஸ்தாபனத்துக்கு இயலாத காரியம். கணிப்பொறி உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகிறது. கோடையில் சித்தூர்ச் சீமையின் வெயிலோடு அவ்வெப்பத்தையும் இரவுபகலாக வெளியேற்றவேண்டும். மின்தடை நேர்ந்த கணத்தில் மின்கலங்கள் சுமையை ஏற்று, டீசல் மின்னாக்கி ஓடத் தொடங்கும்வரை தாங்கவேண்டும். ஆகையால் வெளி நிறுவனத்தின் மையத்தில் இடம் வாடகைக்கு எடுப்பதே பொதுவான வழக்கம். ஆனால் ஒப்பந்தத்தை நிதானமாகப் படிப்பது நல்லது. மின்சாரம், குளிர்ச்சி, காவல் ஆகியவற்றுக்கே நிறுவனம் பெரும்பாலும் பொறுப்பேற்கிறது. பதிவுகளின் பிரதி தனி ஏற்பாடு, தனிக் கட்டணம்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்து அழிந்தது. வேறிடத்தில் பிரதி இல்லாத வாடிக்கையாளர்கள், பிரதியை அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் ஆகியோருள் பலர் தங்கள் பதிவுகளை மீளப் பெறவில்லை. அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. தென் கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. 600க்கும் மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பின்னர் மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேர்த்துவைத்த பொதுக் களஞ்சியம் ஒன்று, 858 டெராபைட் அளவுள்ளது, முற்றிலும் அழிந்தது. அளவு மிகப் பெரிதாயிருந்ததால் அதற்கு வெளியிடத்தில் பிரதி இல்லை. மின்தடையிலிருந்து காப்பதற்கென வைத்த மின்கலமே தீக்குக் காரணமானது கவனிக்கத்தக்கது.

பிரதியும் தொலைவும் இருந்தும் வேலை நின்ற சம்பவம் நம் நாட்டிலேயே உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பை தேசியப் பங்குச் சந்தையில் வியாபாரம் முற்பகல் 11.40 மணிக்கு நின்று, பிற்பகல் 3.45க்கே மீண்டும் தொடங்கியது. மாற்று நிலையம் சென்னையில் இருந்தது. வேலை அங்கு மாற்றப்படவில்லை. ஒரு மாதத்துக்குள் ஒழுங்குமுறை வாரியமான செபி புதிய விதிகளை வெளியிட்டது. கோளாறு நேர்ந்த 30 நிமிடத்துக்குள் அதை விபத்தென அறிவிக்கவேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் வேலையை மீட்கவேண்டும். இவ்விதியின் சாரம் இயந்திரத்தைப் பற்றியதன்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று காத்திருப்பது மனித இயல்பு; அவ்வியல்புக்கு விதி ஒரு கெடு வைக்கிறது. எனவே ஏற்பாட்டுத் தாளில், மாற்று நிலையத்துக்குச் செல்லும்படி உத்தரவிடுபவர் யார், அவர் மலையில் அகப்பட்டுக்கொண்டால் அடுத்தவர் யார் என்பதும் இருக்கவேண்டும்.

கள ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இதே முறையைச் சிறு அளவில் கையாளலாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, வட்டாரத்தின் மழைக் குறிப்பு, கால்நடைக் கணக்கு ஆகியவற்றின் பிரதி அதே அலமாரியில் வேறொரு பென்டிரைவில் இருந்தால் அது பிரதியாகாது. மாவட்டத்துக்கு வெளியே ஒன்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, அப்பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு பக்கத்தை மீட்டெடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வழக்கமாகச் செய்பவரை விடுத்து, அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவரிடம் ஏற்பாட்டுத் தாளை மட்டும் கொடுத்து இதைச் செய்யச் சொல்வது சிறந்தது. அவர் எந்த வரியில் நின்று விழிக்கிறாரோ, அந்த வரியை அன்றே திருத்தி எழுதிவிடலாம்.