உலகம் சுற்றப் புறப்படுதல்: அன்றும் இன்றும்

1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. அதற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து சுமார் 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார். அன்றைய பயணத்தில் காத்திருப்பே பெரும்பகுதி. கப்பலுக்காகவும் கடிதத்துக்காகவும் காத்திருந்தே மனம் பக்குவப்பட்டுவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெளிநாட்டுப் பயணம் எளிதாகிவிடவில்லை. பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பமாக இருந்தது. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட் சட்டம் அதே ஆண்டு வந்தது. பாஸ்போர்ட் கிடைத்தாலும் ரிசர்வ் வங்கியின் ‘பி ஃபாரம்’ அனுமதி வேண்டும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால், வெறும் எட்டு டாலரோடு விமானம் ஏறியவர்கள் உண்டு. வாங்கிய டாலர் எவ்வளவு என்று வங்கி ஊழியர் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதி, முத்திரை குத்தித் தருவார். டிராவலர்ஸ் செக்கின் எண்களைத் தனித் தாளில் எழுதி வேறொரு பையில் வைத்துக்கொள்வார்கள். பெரியம்மைத் தடுப்பூசிச் சான்றிதழும் கட்டாயம். இத்தனைக்கும் அலைந்து முடிப்பதற்குள் வீடும் பிரிவுக்குத் தயாராகியிருக்கும்.

இன்று ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுச் செலவுக்கு அனுப்பலாம். செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு, பேச இ-சிம், பல நாடுகளுக்கு இ-விசா என்று எல்லாம் கைக்குள் வந்துவிட்டன. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மஞ்சள் காய்ச்சல் இன்னும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அந்நோய் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்கள் அதற்கான தடுப்பூசியைப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால், இங்கே ஆறு நாட்கள் தனிமையில் வைக்கப்பட நேரிடும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இன்று உண்மையில் மூளையைச் செலவிட வேண்டிய இடம், நாடுகளின் வரிசை. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கும் முன்னால் விண்ணப்பிக்க முடியாது. வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆகவே ஓராண்டுப் பயணம் என்றால் ஐரோப்பாவை முதல் பாதியிலேயே முடித்துவிடுவது நல்லது. அமெரிக்க விசாவை முதலில் வாங்கிவிட்டால், மெக்சிகோ போன்ற நாடுகளுக்குத் தனி விசா தேவைப்படாது. பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் போதுமா, பயணம் முடிந்தும் ஆறு மாதச் செல்லுபடிக் காலம் மிச்சம் இருக்குமா என்று இப்போதே பாருங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

மனசு விஷயத்தில் அன்றைக்கு இருந்த ஒரு வசதி இன்றைக்கு இல்லை. ஏரோகிராம் போய்ச் சேரவே வாரங்கள் ஆன காலத்தில், போனவர் போன ஊரில் முழுசாக இருந்தார். இன்று லிமாவில் இருந்துகொண்டே வீட்டுக் கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்கிறோம். ஊரையும் பார்க்காமல், வீட்டிலும் இல்லாமல் நாட்கள் கழிகின்றன. டிக்கெட் சில நிமிடங்களில் கிடைத்துவிடுவதால் மனம் பின்தங்கிவிடுகிறது. அன்று காத்திருப்பு தந்த பக்குவத்தை இனி நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். வாரத்தில் எந்த நாள் பேசுவது என்று அம்மா அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய பயணத்துக்கு முன் தெரியாத மொழி பேசும் ஊர் ஒன்றில் பத்து நாள் தனியாக இருந்து பாருங்கள். மாதத்துக்கு ஒரு வாரமாவது எதையும் சுற்றிப் பார்க்காமல் ஒரே ஊரில் தங்கத் திட்டமிடுங்கள்; நீண்ட பயணத்தில் சலிப்பு வராமல் இருக்காது. திரும்பி வந்ததும் வேலை தேடும் மாதங்களுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அன்று அனுமதி கிடைக்காமல் எத்தனையோ பேரின் ஆசை வீட்டுத் திண்ணையோடு நின்றுபோனது. இன்று அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆறு மாதம் நிதானமாகத் தயாராகுங்கள். பிறகு தள்ளிப்போடாமல் கிளம்புங்கள்.