கண்ணாடியில் கீறல் விழுவது எப்படி?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தூத்துக்குடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மணல் பறக்கிறது. துறைமுகச் சாலையில் ஒரு மணி நேரம் காரை நிறுத்திவிட்டு வந்து, அதன் சன்னல் கண்ணாடியை விரலால் தொட்டுப் பாருங்கள். நறநறவென்று ஏதோ ஒட்டும். உடனே கைக்குட்டையை எடுத்துத் துடைக்கத் தோன்றும். துடைத்துவிடாதீர்கள்! அந்த ஒரு துடைப்பில்தான் கீறல் பிறக்கிறது.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், வெயிலின் கடுமை தாளாமல் என் பழைய காரின் கண்ணாடிகளுக்கு நிறப்படலம் ஒட்டக் கொடுத்தேன். பழைய படலத்தை உரித்த இளைஞர், மிஞ்சிய பசையை உலர்ந்த பிளேடால் சுரண்டினார். 'சர்ர்' என்று ஓசை கேட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை. பகலில் எல்லாம் அழகாகவே இருந்தது. மறுநாள் விடியற்காலை இருட்டில் வலப்பக்கம் திரும்பும்போது, ஒரு லாரியின் விளக்கொளி சன்னலில் விழுந்தது. கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் வெள்ளை வட்டங்கள்! உப்பளத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளியைக் கடைசி நொடியில்தான் கண்டேன். அவருக்கும் எனக்கும் நல்ல காலம். கீறல் என்பது அழகுக் குறை மட்டுமன்று என்று அன்று உணர்ந்தேன்.

எது எதைக் கீறும்?

ஒரு பொருளைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். 1812-ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மன் நாட்டுக் கனிமவியலார் இதற்கு ஒரு படிவரிசை அமைத்தார். மிக மென்மையான மாக்கல்லுக்கு 1; வைரத்துக்கு 10. மேற்படியில் உள்ளது கீழ்ப்படியில் உள்ளதைக் கீறும்.

இந்த வரிசையில் நம் கடற்கரைப் பொருள்களை நிறுத்திப் பார்ப்போம். உப்புக்கு ஏறக்குறைய 2½. முத்துக்கும் சங்குக்கும் 3 முதல் 4 வரை. கண்ணாடிக்கு ஏறக்குறைய 5½. நல்ல எஃகுப் பிளேடும் கண்ணாடியை ஒட்டியே நிற்கிறது. மணலில் பெரும்பகுதியாக உள்ள குவார்ட்சுக்கோ 7!

ஆகவே, 1961-இல் இங்கு நடந்த கடைசி முத்துச் சலாபத்தில் எடுத்த முத்து ஒன்று உங்களிடம் இருந்தால், அது கண்ணாடியைக் கீறாது. கண்ணாடிதான் அதைக் கீறும். ஆனால் காலடியில் கிடக்கும் மணல், விலையுயர்ந்த முத்தையும் கீறும், கண்ணாடியையும் கீறும். குதிரைமொழித் தேரியின் செம்மணலும் குவார்ட்சே. இரும்பு ஆக்சைடுப் பூச்சுதான் அதற்குச் சிவப்பு நிறம் தருகிறது.

சோதித்துப் பார்க்க விரும்புகிறீர்களா? வேண்டாத கண்ணாடிப் புட்டி ஒன்றின் மேல் கல்லுப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். கீறல் இராது. அடுத்துச் சிறிது மணலைத் துணியில் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

உப்பு செய்யும் சூழ்ச்சி

உப்பு கண்ணாடியைக் கீறாது என்றால், உப்புக் காற்றுக்கு இதில் பங்கில்லையா? உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடற்கரை இரவுகளில் இது எளிதில் நிகழும். பகலில் வெயில் ஏறியதும் அது மீண்டும் படிகமாக இறுகும். இரவில் கூழாகி, பகலில் கல்லாகும் இந்த உப்பு, மணல் துகள்களைக் கண்ணாடியோடு பிணைத்துவிடுகிறது. திருடன் மணல், அவனுக்கு வீட்டில் இடம் கொடுப்பது உப்பு.

இப்போது உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறீர்கள். ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தம் போதும். அது முழுவதும் ஒரே மணல் துகளின் முனையில் விழுவதாகக் கொள்வோம். முனை 0.05 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம் என்றால், பரப்பு 0.0025 சதுர மில்லிமீட்டர். அப்போது அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 400 கிலோகிராம்! அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ நாற்பதாயிரம் மடங்கு. கண்ணாடி என்ன செய்யும், பாவம்!

வட்டங்கள் ஏன் தெரிகின்றன?

கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. ஆயினும் விளக்கைச் சுற்றி வட்டங்களாகத் தெரிவானேன்? நுண்ணிய கீறல் ஒவ்வொன்றும் தன் நீளத்துக்குச் செங்குத்தான திசையிலேயே ஒளியைச் சிதறடிக்கிறது. ஆகவே, விளக்கைச் சுற்றிய வட்டத்தின் தொடுகோடுபோல் அமைந்த கீறல்களின் ஒளிதான் நம் கண்ணை அடைகிறது. மற்றவை ஒளிந்துகொள்கின்றன. விளக்கு நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

இன்னொன்றும் உண்டு. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் கிரிபித், கண்ணாடி எளிதில் உடைவதற்கு அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகளே காரணம் என்று காட்டினார். இழுவிசை வெடிப்பின் முனையில் குவிகிறது. காரின் பக்கக் கண்ணாடிகளைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து, மேற்பரப்பு அமுக்கத்தில் இருக்கும்படி செய்கிறார்கள். அந்த அமுக்கம் சிறு கீறல்களை விரியவிடாமல் காக்கிறது. ஆழமாகக் கீறிவிட்டால் அந்தக் காவல் குறையும்.

ஒட்டுமுன் செய்ய வேண்டியவை

காரணம் தெரிந்தபின் வழி எளிது. முதலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள். 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். பிணைப்பு கரைந்ததும் மணல் தானே வழிந்து ஓடும். அதன்பின் சில துளி சோப்புக் கரைசல் கலந்த நீரும் மென்மையான துணியும் போதும். அலசுவதற்குத் தனி வாளி வையுங்கள். இல்லையேல் வாளியில் படிந்த மணல் மறுபடி துணியில் ஏறும்.

அடுத்து, கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளம். மணல் பதுங்குமிடம் அதுதான். சன்னலை இறக்கும்போது நெடுக்காக விழும் கோடுகள் அங்கிருந்தே வருகின்றன. மென்மையான தூரிகையும் தண்ணீரும் கொண்டு அதைச் சுத்தம் செய்யுங்கள்.

உப்புத் தண்ணீர்க் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் காய்ந்து விட்ட வெள்ளைப் புள்ளிகளைச் சுரண்ட வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே இருக்கும். எலுமிச்சைச் சாறோ நீர்த்த வினிகரோ தடவினால் நுரைத்துக் கரையும். பின்னர் நன்றாகக் கழுவிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் செங்கல் பொடியும் சாம்பலும் கிட்டவே வரக்கூடாது. பச்சை நிறத் தேய்ப்பான்கள் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு இருக்கிறது. அதன் படி 9!

பழைய பசையை வெந்நீரும் சோப்பு நீரும் கொண்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பதே நல்லது. பிளேடு தேவைப்பட்டால், அது புதியதாக இருக்கட்டும். கடற்காற்றில் பிளேடு விரைவில் துருப்பிடிக்கும். கண்ணாடி நனைந்திருக்கட்டும். பிளேடைத் தாழ்வாகச் சாய்த்து, முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னோக்கி இழுத்தால் துகள்கள் பிளேடின் அடியில் சிக்கிக் கோடு கிழிக்கும். சூடேற்றும் கம்பிகள் உள்ள பின்கண்ணாடியில் பிளேடே கூடாது. 'சர்ர்' என்ற ஓசை கேட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள். அது கண்ணாடி எழுப்பும் கூக்குரல்.

விழுந்த கீறலைப் படலம் மறைத்துவிடும் என்று நம்பாதீர்கள். ஆழமான பள்ளத்தைப் பசை முழுதும் நிரப்பாமல், காற்று தங்கி வெண்கோடாகத் தெரியும். நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால், சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றிப் போக்க முயலலாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டு மணலில் உள்ள அதே சீரியம்தான் இது. நகம் தடுக்கினால், அத்தனை ஆழத்துக்குத் தேய்க்கும்போது கண்ணாடி குழிந்து காட்சியைக் கோணலாக்கும், மாற்றுவதே நல்லது.

படலம் ஒட்டுமுன் சட்டத்தையும் கேட்டறியுங்கள். முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. இந்த வரம்பின் நோக்கமும் நம் கட்டுரையின் நோக்கமும் ஒன்றே: கண்ணாடிக்கு அப்பால் சைக்கிளில் போகிற மனிதர் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.