விலை இல்லாததும் காரணம் இல்லாததும்

ஆங்கில நாளிதழ்களின் திரை விமரிசனங்களிலும் தலையங்கங்களிலும் அடிக்கடி வரும் ஒரு பெயரடை ‘கிரட்யூயிடஸ்’. ஜி, ஆர், ஏ, டி, யூ, ஐ, டி, ஓ, யூ, எஸ் என்பது எழுத்து வரிசை. உச்சரிக்கும்போது ‘ட்யூ’ என்ற இரண்டாம் அசையில் அழுத்தம் விழும். உயர்நிலை வகுப்பு மாணவர் அகராதியில் இதைத் தேடினால் இரண்டு பொருள்களைக் காண்பார். ஒன்று, ‘விலை பெறாமல் தரப்பட்ட’. மற்றொன்று, ‘தேவையற்ற, காரணமற்ற’. முதலாவது ஒரு நல்ல செயலைச் சொல்கிறது. இரண்டாவது அப்பட்டமான கண்டனம். ஒரே சொல் எப்படி இரண்டையும் சொல்ல முடியும் என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. இந்தக் கேள்விக்கான விடை நம் மாணவர்களின் வீட்டு மொழியிலேயே இருக்கிறது.

சொல் வந்த வழி

இலத்தீனில் ‘கிராத்துஸ்’ என்றால் மனத்துக்கு இனிய, நன்றிக்குரிய என்று பொருள். அந்த வேரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே வந்திருக்கிறது. நன்றியைக் குறிக்கும் ‘கிராட்டிட்யூட்’, நன்றியுள்ள என்னும் ‘கிரேட்ஃபுல்’, இலவசமாக என்னும் ‘கிராட்டிஸ்’, பணி முடிவில் கிடைக்கும் ‘கிராஜுவிட்டி’, நாம் பேசும் ‘கிரட்யூயிடஸ்’ எல்லாம் உறவுக்காரச் சொற்கள்.

விலையாக எதுவும் கேட்காமல், நன்றியை மட்டும் எதிர்பார்த்துத் தருவதே ‘கிராட்டிஸ்’. அதாவது, கொடுப்பவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எந்தக் கட்டாயமும் இல்லாமல் நல்லது செய்தால் அது கொடை. எந்தத் தேவையும் இல்லாமல் ஒருவரைப் புண்படுத்தினால்? அதையும் யாரும் கேட்கவில்லை, எதுவும் தூண்டவில்லை. இப்படித்தான் ‘கேட்காமலே தரப்பட்ட’ என்ற பொருள் ‘கேட்காமலே வந்து சேர்ந்த’ என்று நகர்ந்தது. இரண்டு பொருள்களும் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கின. இன்றைய பேச்சிலும் எழுத்திலும் இரண்டாம் பொருளே பெரும்பான்மை.

‘சும்மா’ என்னும் சாவி

இந்த விளக்கத்தை ஆங்கிலத்தில் சொன்னால் வகுப்பு தூங்கிவிடும். ‘சும்மா’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் விழித்துக்கொள்ளும்.

“கடைக்காரர் கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தார்.”
“சார், இவன் சும்மா அடிக்கிறான்.”

முதல் வாக்கியத்தில் ‘சும்மா’ என்றால் விலையின்றி. இரண்டாவதில் காரணமின்றி. தமிழும் ஆங்கிலமும் தனித்தனியே ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இன்னொரு வசதி உண்டு. பாரூரிலிருந்து ஓசூர் வரை தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகள் உள்ளன. தெலுங்கு பேசும் குழந்தையிடம் ‘ஊரிகே’ என்றால் என்ன என்று கேளுங்கள். விலையில்லாமல், காரணமில்லாமல் என இரண்டையும் சொல்லும். உருதில் ‘முஃப்த்’ என்றால் இலவசம். ‘முஃப்த் மே’ ஒருவர் கெட்ட பெயர் வாங்கினார் என்றால் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தார் என்று பொருள். கன்னடத்தில் ‘சும்மனே’ என்பது நம் ‘சும்மா’வுக்கு நெருங்கிய சொல். வீட்டில் பேசும் மொழி ஆங்கிலம் கற்கத் தடை என்று நினைக்கும் மாணவருக்கு, அதுவே சாவியாக இருப்பதைக் காட்ட இது நல்ல வாய்ப்பு.

எந்தப் பொருள் எங்கே?

இரண்டு பொருள்களில் எது என்பதை அடுத்து வரும் பெயர்ச்சொல்லும் இடமும் சொல்லிவிடும்.

‘வயலன்ஸ்’, ‘இன்சல்ட்’, ‘காமென்ட்’, ‘அட்வைஸ்’ ஆகியவற்றின் முன் வந்தால் பெரும்பாலும் தேவையற்ற என்ற பொருள். கதைக்குத் தேவைப்படாத வன்முறை, தூண்டுதல் இல்லாத அவமதிப்பு, யாரும் கேட்காத அறிவுரை என்று தமிழாக்கலாம்.

சட்டத்திலும் அரசு ஆவணங்களிலும் வந்தால் விலையின்றி என்ற பொருள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு, ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த உதவியின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது. அதிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு வகுப்புக்கு ஏற்றது. ஒருவர் மற்றொருவரின் சொத்தைத் தீயிலிருந்து காப்பாற்றுகிறார். கைம்மாறு கருதாமல்தான் அதைச் செய்தார் என்று சூழ்நிலை காட்டினால், பிறகு அவர் பணம் கேட்க முடியாது. அங்கே வரும் வினையடை ‘கிரட்யூயிடஸ்லி’.

பேரிடர் நிவாரண விதிகளில் ‘கிரட்யூயிடஸ் ரிலீஃப்’ என்றொரு தலைப்பு உண்டு. வெள்ளத்திலோ புயலிலோ உயிரிழந்தவரின் குடும்பத்துக்குத் தரும் தொகை அதில் அடங்கும். இரண்டாம் பொருளை மட்டும் அறிந்த மாணவர் இதைத் ‘தேவையற்ற நிவாரணம்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் எவ்வளவு கொடுமை! ஒரு சொல்லின் இரு பொருளையும் ஏன் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

இதோடு குழப்பிக்கொள்ளும் மூன்று சொற்களையும் சேர்த்தே நடத்துவது நல்லது.

‘அன்ட்யூ’ என்பது அளவு மீறியது. தேர்வைப் பற்றிச் சிறிது கவலை இருக்கலாம். உறக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் அது ‘அன்ட்யூ’.

‘அன்வாரண்டட்’ என்பது ஆதாரமற்றது. போலீஸ் ‘வாரண்ட்’ மாணவர்களுக்குத் தெரியும். உரிய அடிப்படை இல்லாத சந்தேகம், குற்றச்சாட்டு ஆகியவற்றுக்கு இச்சொல் பொருந்தும்.

‘அன்கால்ட் ஃபார்’ என்பது அந்த இடத்தில் வேண்டாதது. பேச்சில் மிகுதியாக வரும்.

‘கிரட்யூயிடஸ்’ இவற்றிலிருந்து சற்று வேறுபடும். அளவைக் குறைத்தாலும் அது சரியாகாது. முழுவதும் நீக்கினாலும் எதுவும் குறையாது. எனவே மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுக்கலாம்: அதை எடுத்துவிட்டுப் பார். கதை அப்படியே நிற்கிறதா? செய்தி முழுமையாகப் போய்ச் சேர்கிறதா? அப்படியானால் எடுத்தது ‘கிரட்யூயிடஸ்’.

கிராஜுவிட்டி இலவசமா?

எங்கள் பகுதிக் குழந்தைகளின் பெற்றோரில் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் உண்டு. ‘கிராஜுவிட்டி’ என்ற சொல் அந்த வீடுகளில் புழங்குவது. இரண்டு சொற்களும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்று சொன்னதும், “அப்படியென்றால் கிராஜுவிட்டி கம்பெனி சும்மா தருகிற பணமா?” என்று கேள்வி வரும். இந்த இடத்தில் ஆசிரியர் நின்று பதில் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் அது முதலாளி மனமிரங்கித் தந்த தொகைதான். ‘பணிக்கொடை’ என்ற தமிழ்ச் சொல்லிலும் ‘கொடை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் அதை உரிமையாக்கியது. தொடர்ந்து ஐந்தாண்டு பணியாற்றியவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்று கணக்கு வகுத்தது. பணிக்கொடையும் ஓய்வூதியமும் உழைத்து ஈட்டியவை, தயவில் வருபவை அல்ல என்று ஜார்க்கண்ட் அரசு தொடர்பான வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. அந்தச் சட்டம் சொல்லும் ‘ஊழியர்’ என்பதற்குள் ஆசிரியர் அடங்கமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி தனியார் பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. சொல்லின் வேரில் கொடை இருக்கலாம். அதனால் பொருளும் கொடை ஆகிவிடாது.

நம் வாயில் வரும் சொற்கள்

அரசுப் பள்ளியில் இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் ஆபத்து உண்டு. ஒரு மாணவி பாடநூலைக் கிழித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். “புத்தகத்தை ஒட்டி எடுத்து வா” என்றால் செய்தி முடிந்தது. “சும்மா கிடைத்ததுதானே, அதன் அருமை உனக்கு எப்படித் தெரியும்?” என்று சேர்த்தால்? எடுத்துவிட்டுப் பார்க்கும் சோதனையை வைத்துப் பாருங்கள். அந்த இரண்டாம் வாக்கியம் புத்தகத்தை ஒட்ட உதவவில்லை. குழந்தையின் வறுமையைச் சுட்டியது மட்டும்தான் மிச்சம். விலையில்லாப் பொருளின் பெயரால் சொல்லப்பட்ட, காரணமில்லாச் சொல் அது.

“உன் அண்ணனும் இப்படித்தான்”, “உங்கள் ஊர்க்காரர்களே இப்படி” என்பவையும் இதே வகை. கணக்கில் மூன்றாம் படி தவறு என்று சொல்ல அண்ணன் தேவையில்லை, ஊரும் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியைக் குழந்தையின் உரிமை என்கிறது. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. புத்தகமும் சீருடையும் மதிய உணவும் விலையில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் காரணமில்லாமல் கிடைக்கவில்லை. அந்தக் காரணம், அவள் இந்த நாட்டின் குழந்தை என்பதுதான்.

வகுப்பில் செய்ய

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஒரு பாடவேளை போதும். கரும்பலகையில் ‘விலை இல்லை’, ‘காரணம் இல்லை’ என இரண்டு பத்திகள் வரையுங்கள். ‘சும்மா’, ‘ஊரிகே’, ‘சும்மனே’, ‘முஃப்த்’ வரும் வாக்கியங்களைக் குழுக்கள் வீட்டு மொழியில் சொல்லட்டும், உரிய பத்தியில் எழுதட்டும். பிறகு அவற்றை ஆங்கிலமாக்கும்போது எங்கே ‘ஃப்ரீ’ பொருந்துகிறது, எங்கே ‘கிரட்யூயிடஸ்’ பொருந்துகிறது என்று விவாதிக்கலாம். பார்த்த படம் ஒன்றிலிருந்து நீக்கக்கூடிய சண்டைக் காட்சியைச் சொல்லி, ஏன் நீக்கலாம் என்று இரண்டு ஆங்கில வாக்கியங்களில் எழுதச் சொல்லலாம்.

தொடக்க வகுப்புகளில் ஆங்கிலச் சொல் வேண்டாம். “சும்மா கொடுத்தேன்”, “சும்மா சொன்னேன்”, “சும்மா இரு” என்ற மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டாலே, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்க முடியும் என்பது பதிந்துவிடும். மேல் வகுப்பில் அந்த ஆங்கிலச் சொல் வரும்போது அது அவர்களுக்குப் புதியதாக இராது.