மூன்று நாடா, நான்கு கைகள்: கோர்வைச் சேலை

முன்பு அகலத் துணி நெய்ய, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை ஒருவர் எறிய வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொருவர் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். கயிற்றைச் சுண்டினால் நாடா தறியின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடும். ஒரே ஆள் போதும் என்றாயிற்று. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்பவருக்கோ இன்றும் பெரும்பாலும் துணைக்கு ஓர் ஆள் வேண்டும்.

காரணம் கரையின் நிறம். சாதாரணச் சேலையில் உடலுக்கான ஊடை, அதாவது குறுக்கு நூலே இரு கரைகளுக்குள்ளும் ஓடுகிறது. பச்சை உடலுக்குச் சிவப்புக் கரை வைத்தால், நெடுக்காக ஓடும் சிவப்புப் பாவுக்குள் பச்சை ஊடை புகுந்து கரை மங்கிவிடும். கோர்வையில் அப்படியில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நெசவாளி ஒரு பக்கக் கரையையும் உடலையும் பார்த்துக்கொள்ள, மறுபக்கம் உட்காரும் துணையாள் அந்தக் கரையின் நாடாவை ஓட்டுகிறார்.

கரையும் உடலும் சந்திக்கும் இடம்தான் இந்த வேலையின் உயிர். இரண்டு ஊடைகளும் அங்கே தொட்டுத் திரும்பினால் மட்டும் போதாது. நடுவில் பிளவு விழுந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று வளைத்துப் பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும், கோத்த கைவிரல்களைப் போல. அந்தப் பிடிப்பு சேலையின் முழு நீளத்துக்கும் தொடர வேண்டும். சேரும் விளிம்பைக் கோபுர வடிவில் பல்பல்லாக ஏற்றி இறக்கினால் அழகு கூடும், வேலையும் கூடும்.

முந்தியை வேறு நிறத்தில் வைப்பது இன்னொரு வித்தை. உடல் முடிந்ததும் முந்திக்கான புதுப் பாவு நூல்களைப் பழைய பாவோடு இழை இழையாகக் கையால் பிணைக்கிறார்கள். இதற்குப் பெட்னி என்று பெயர். பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வரவே முடியாது.

இத்தனையும் சேர்ந்துதான் விலையில் நிற்கிறது. இரண்டு பேரின் கூலியை ஒருவர் கூலியாகப் பேரம் பேசுவது நியாயமில்லை.

வாங்கும்போது சேலையைத் திருப்பி, கரை சேரும் இடத்தைப் பாருங்கள். உடலின் நூல் கரைக்குள் ஓடாமல் அங்கேயே வளைந்து திரும்பியிருக்க வேண்டும். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். கோர்வையா இல்லையா என்று கடைக்காரரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.