கள்ளுக்கடைப் பெஞ்சு

போன மாதம் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம். கூட்டம் முடிந்து நான் மோட்டார் சைக்கிளை உதைக்கும் நேரத்தில் ஒரு வாலிபர் பக்கத்தில் வந்தார். "அண்ணே, அந்தச் செம்பனைக்குள்ள ஒரு சிமெண்டுத் தரை கெடக்குதே, அது என்னா? பழைய கோயிலா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தவும் செய்தது. கோயில் இல்லை தம்பி, கள்ளுக்கடை. நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. அந்தக் கடையை மூட வைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். தோட்டத்து மூத்தவர்கள் பலருக்கு இது தெரிந்த கதை. இளையவர்களுக்குத் தெரியாது.

1989ல் எனக்குப் பத்து வயது. அப்போது அங்கே பாதி ரப்பர், பாதி செம்பனை. பால் நிறுத்து, மங்கு கவிழ்த்து, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு ஆண்கள் வெளியே கிளம்பும்போது மணி மூன்று ஆகியிருக்கும். கடை திறப்பதும் மூன்று மணிக்குத்தான். லயத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாக்கடை, அதன் மேல் ஒரு பலகை. சுற்றிலும் இடுப்பளவுச் சுவர், மேலே தகரக் கூரை, உள்ளே ஆறு நீள பெஞ்சு. அவ்வளவுதான் கடை. நிர்வாகம் இடம் கொடுத்தது, லைசென்ஸ்காரர் ஒருவர் நடத்தினார்.

கள்ளு எப்படி இறங்குகிறது என்பதே இப்போது பலருக்குத் தெரியாது. தென்னம்பாளை வெடிக்கும் முன்னே அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பக்குவம் செய்து, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டுவார்கள். காலையிலும் மாலையிலும் ஏறி இறங்க வேண்டும். முட்டிக்குள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானாகப் புளித்துக் கள். பகலில் குடித்தால் இனிப்பும் புளிப்பும் கலந்து பியர் அளவுக்குத்தான் போதை இருக்கும். மறுநாளைக்கு ஆகாது, காடியாகிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கள்ளை வாங்கி அலமாரியில் ஒளித்து வைக்க முடியாது. குடிப்பவன் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தவனை நாலு பேர் பார்த்துத்தான் ஆக வேண்டும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாடா" என்று அம்மா அனுப்புவார். போனால் உடனே வர மாட்டேன். அவித்த கச்சானும் மொச்சையும் விற்கும் ஆயா ஒருத்தர் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒரு பொட்டலம் எனக்கும் கிடைக்கும். உள்ளே யார் யார் எந்த பெஞ்சு என்பது எழுதாத சட்டம். வாசல் பக்கத்து பெஞ்சு வேலை ஓய்ந்த தாத்தாக்களுக்கு. அதில் ஒருவருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. ஆனால் கோப்பையை மூக்குக்கு நேரே பிடித்தாலே எத்தனை பங்கு தண்ணீர் என்று சொல்லிவிடுவார். கடைக்காரர் அவருக்கு மட்டும் பயப்படுவார். நடு பெஞ்சு பால்காட்டு ஆட்களுக்கு. மூலை பெஞ்சில் தப்பு அடிக்கும் மாமா. சாவு வீட்டிலும் சரி, காளியம்மன் திருவிழாவிலும் சரி, அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மற்ற நாளில் அவரை யாரும் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை. கடையிலும்கூட அவருக்கு மூலைதான். நம் கூட்டத்துக்குள்ளேயே இருந்த இந்த அசிங்கத்தையும் எழுதத்தானே வேண்டும்?

பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். அது பெண்களுக்கு. புல்வெட்டு ஆயாக்கள் இரண்டு மூன்று பேர் முந்தானைக்குள் ஈயச் செம்பை மறைத்துக்கொண்டு வந்து வாங்கிப் போவார்கள். உடம்பு வலிக்கு மருந்து என்பார்கள். நாள் முழுக்க முதுகு வளைந்து வேலை செய்தவர்களை யார் என்ன கேட்க முடியும்?

மாலை நாலரைக்குப் பேப்பர் வரும். படிக்கத் தெரிந்த ஒரு சித்தப்பா பெஞ்சு மேல் ஏறி நின்று தோட்டப் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். எந்தத் தோட்டத்தில் சம்பளப் பாக்கி, எங்கே லயத்துக்குத் தண்ணீர் வரவில்லை, எந்தக் கிளையில் தேர்தல் என்று எல்லாம் அங்கேதான் காதில் விழும். சங்கச் சந்தா வசூலிக்கத் தலைவர் அங்கேதான் வருவார். கள்ளுக்கடைக்குள் காலை வைக்காதவர்கள் வாசலில் நின்றபடி கேட்பார்கள். நான் முதன்முதலாகக் கேட்ட தொழிற்சங்கப் பேச்சு அந்தத் தகரக் கூரைக்கு அடியில்தான். எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

இதெல்லாம் ஒரு பக்கம். சம்பள நாள் இன்னொரு பக்கம். அன்று ஆபீஸ் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், சம்பளம் வாங்க அல்ல, புருஷன் கையில் காசு விழுந்த உடனே பிடுங்க. சாக்கடைப் பலகையைத் தாண்டிவிட்டால் பாதிதான் மிஞ்சும். சீனர் கடைப் பற்று, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாம் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் முடிவாக வேண்டும். எங்கள் அம்மாவும் நின்றிருக்கிறார். அப்பா நல்லவர்தான். ஆனாலும் சில ராத்திரிகளில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் முற்றத்தில் கிடந்ததும், அம்மா மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு மரம் வெட்டப் போனதும் எனக்கு மறக்கவில்லை. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். கள்ளுக்கடையை வேடிக்கையாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1930ல் தோட்ட ஆண்களின் நாள் கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களின் கூலி 40லிருந்து 32 ஆகவும் குறைக்கப்பட்டது. கூலி குறைந்தாலும் கள்ளுக்கடை குறையவில்லை. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் கடையே நிர்வாகத்தின் பொறுப்பில். வலது கையால் கொடுத்த கூலியை இடது கையால் வாங்கிக்கொண்டு, வந்த லாபத்தில் தொழிலாளர் நலன் என்று கோயிலுக்கும் பந்து விளையாட்டுக்கும் கொஞ்சம் கொடுத்த காலம் அது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் போன்றோரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். பதிலுக்கு ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு கடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி அதற்குத் தலைமை தாங்கினார். கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் அது போலீஸோடு மோதலாகி அங்கும் உயிர்ப்பலி நடந்தது. கள்ளை நிறுத்தச் சொன்னவனை அடித்த ஆட்சி அது. "தோட்டத்தான் என்றாலே குடிகாரன்" என்று இன்றும் வாய் கூசாமல் பேசுகிறார்களே, அவர்களுக்கு இந்த இரண்டு வருஷங்களையும் சொல்லிக் காட்டுங்கள்.

இந்தச் சரித்திரத்தை எல்லாம் படித்த சூட்டோடுதான் நான் சங்கத்துக்கு வந்தேன். 2004ல் எங்கள் தோட்டத்துக் கடையை மூடச் சொல்லி மனு எழுதினோம். எழுதியது என் கை. 70 பேருக்கு மேல் கையெழுத்து, அதில் பாதிக்கு மேல் பெண்கள். ரேகை வைத்தவர்களும் உண்டு. நிர்வாகம் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக ஒப்புக்கொண்டது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ரப்பரை அழித்துச் செம்பனை போடும் திட்டத்துக்கு அந்த இடமும் தேவைப்பட்டது என்பது பிறகுதான் விளங்கியது. கடை மூடிய அன்று கோயிலில் பொங்கல் வைத்தோம். எனக்கு மாலைகூடப் போட்டார்கள்.

இரண்டு மாதம் ஆகவில்லை. சாமான் வேனில் சின்னச் சின்னப் போத்தல்கள் வர ஆரம்பித்தன. சம்சு. மூணு வெள்ளிக்குள்ளே ஒரு போத்தல், கால்சட்டைப் பைக்குள் அடங்கும். கள்ளின் போதை எங்கே, இது எங்கே? முப்பது விழுக்காட்டுக்கு மேல் சாராயம். பெஞ்சு வேண்டாம், நேரம் வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம். கக்கூசுக்குப் பின்னால், செம்பனை ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் தனித்தனியாகக் குடித்தார்கள். பேப்பர் வாசிக்கும் சித்தப்பாவுக்குக் கூட்டம் இல்லாமல் போயிற்று. கிளைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நான் வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டியதாயிற்று.

தப்பு அடிக்கும் மாமா 2006ல் இறந்தார். இரவு முழுக்கக் காணவில்லை. காலையில் ரவுண்டு போன மண்டோர்தான் வடிகால் ஓரத்தில் கண்டார். பக்கத்தில் காலிப் போத்தல். ஊருக்கே தப்பு அடித்தவருக்கு அடிக்க ஆள் இல்லாமல் வெளித் தோட்டத்திலிருந்து கூட்டி வந்தோம். எட்டாம் துக்கத்துக்குப் போயிருந்தேன். அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கடை இருந்தப்ப சண்டதான் தம்பி, இல்லன்னு சொல்லல. ஆனா ராத்திரியான எங்க இருக்காருன்னு தெரியும். மணி ஏழாச்சின்னா யாராச்சும் தோள்ல கை போட்டுக் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் பதில் இல்லை.

கடையை மூடியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் அந்த மனுவில் கையெழுத்துப் போடுவேன். ஆனால் மனுவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: கடையை மூடுங்கள். அங்கே இருந்த பெஞ்சுக்குப் பதில் என்ன என்று ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. இருட்டும் வரை பத்துக்குப் பத்து அறையில் அடைந்து கிடக்க முடியாத மனிதன், சம்பளத்தைப் பற்றிப் பேச நாலு பேரைத் தேடுகிற மனிதன், எங்கே போய் உட்காருவான்? தோட்டத்தில் வேறு எந்த இடத்தில் அவனுக்கு பெஞ்சு இருந்தது?

2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயது 18லிருந்து 21 ஆனது. நல்லதுதான். அடுத்த வருஷமே, 2018 செப்டம்பரில், சிலாங்கூர்ப் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வேலைக்காக இங்கே வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பேப்பரில் பெயர்களை வாசித்தபோது எனக்கு எங்கள் லயம்தான் ஞாபகம் வந்தது. நம் அப்பன் பாட்டன் இருந்த அதே அறைகளில் இப்போது வங்காளதேசத்துக்காரரும் நேப்பாளியும் இருக்கிறார்கள். அதே மாலை நேரம், அதே போக்கிடமில்லாத நிலைமை. கப்பலில் வந்தவனுக்கும் விமானத்தில் வந்தவனுக்கும் இதில் என்ன வித்தியாசம்?

சரி, அந்த வாலிபரிடம் வருகிறேன். கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப நாம ஒரு எடம் கேக்கலாமே அண்ணே" என்றார். மறு வாரம் கமிட்டி கூடிக் கடிதம் எழுதினோம். ஒரு கூரை, ஆறு பெஞ்சு, இரண்டு காத்தாடி, விளக்கு, தேத்தண்ணிக்கு ஒரு அடுப்பு. எந்த இடத்தில் போடச் சொல்வது என்பதில்தான் தகராறு. கோயில் பக்கம் என்றால் வெளிநாட்டு ஆட்கள் தயங்குவார்கள். பந்துத் திடல் என்றால் மழையில் தண்ணீர் நிற்கும். அன்று கூட்டத்துக்கு அத்தையும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். யாரோ உரக்கச் சொல்லி விளக்கியதும், "அந்தச் சிமெண்டுத் தரை நல்லாத்தானே இருக்கு, அது மேலயே போடுங்களேன், தரச் செலவு மிச்சம்" என்றார்.

அந்த இடத்தையே எழுதினோம். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள், ஆளுக்கு ஆள் வாங்கி அவர்கள் எழுத்திலேயே போட்டார்கள். மேனேஜர் கடிதத்தை வாங்கிக்கொண்டு "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறோம். அதற்குள் தரையைச் சுற்றியிருக்கும் லாலானை வெட்டிவிட வேண்டும் என்று அந்த வாலிபர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, வரக்கூடியவர்கள் கத்தியோடு வரவும்.