மீதி எண்களால் கட்டிய சுவர்

பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மிஸ், இந்த மீதிக் கணக்கு எதுக்கு யூஸ் ஆவும்?" கடிகாரத்தையும் கிழமைகளையும் காட்டிப் பதில் சொல்லிவிடுவேன். மாணவர்கள் தலையாட்டுவார்கள், முகத்தில் நிறைவு தெரியாது. இப்போது என்னிடம் வேறொரு பதில் இருக்கிறது. அதைத் தேட வைத்தது எங்கள் வகுப்பறையின் இரைச்சல்.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் செல்லும் சாலையை ஒட்டியது எங்கள் பள்ளி. ஒருநாள் கடைசி வரிசை மாணவி ஒருத்தி, நான் ‘விட்டம்’ என்று சொன்னதையெல்லாம் ‘வட்டம்’ என்றே எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன். பிறகு அவள் இடத்தில் உட்கார்ந்து, இன்னொரு மாணவியைக் கரும்பலகை அருகே நின்று படிக்கச் சொன்னேன். எனக்கும் ‘வட்டம்’ என்றுதான் கேட்டது.

ஒலிப்பதிவுக் கூடங்களில் முட்டை அட்டை ஒட்டுவார்கள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. சத்துணவு மையத்தில் மிஞ்சிய அட்டைகளைச் சேகரித்துப் பின்சுவர் முழுவதும் ஒட்டினோம். லாரிச் சத்தம் துளியும் குறையவில்லை. மழைக்காலத்தில் அட்டைகளுக்குப் பின்னால் கரப்பான்பூச்சிகள் குடியேறின. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டோம். உண்மையில் ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர் எப்படி இருக்கும் என்று அதன்பிறகுதான் படித்தேன்.

கட்டுப்பாட்டு அறையின் சிக்கல்

ஒலிப்பதிவுக் கூடம் சென்னைக்குப் புதிதல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ கூடத்தைத் தொடங்கியது மாணவர்கள் பலருக்கும் தெரியும். பொதுவாக இத்தகைய கூடங்களில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் பாடுவார்கள், வாசிப்பார்கள். மற்றொன்று கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒலிப் பொறியாளர் ஒலிபெருக்கிகளின் முன் அமர்ந்து, எந்தக் குரல் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வார்.

அவர் காதுக்கு ஒலிபெருக்கியின் ஒலி மட்டும் வந்தால் சிக்கலில்லை. அது பின்சுவரில் பட்டும் திரும்பி வருகிறது. சுவர் 3 மீட்டர் பின்னால் இருந்தால், அந்த ஒலி போகவர 6 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, நொடியில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். தனி எதிரொலியாகக் கேட்க இந்த இடைவெளி போதாது. ஆனால் நேர் ஒலியோடு கலந்து அதன் நிறத்தை மாற்றிவிடும். எது பாடலில் இருப்பது, எது அறை சேர்த்தது என்று பொறியாளருக்குப் பிரித்தறிய முடியாமல் போகும்.

சுவர்களை எல்லாம் பஞ்சால் மூடி ஒலியை உட்கவரச் செய்யலாம். அப்போது அறை உயிரற்றதாகிவிடும்; நெடுநேரம் அமர்ந்து வேலை செய்யவும் இயலாது. 1980 வாக்கில் டான் டேவிஸ், சிப்ஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர்கள் ஒரு நடுவழி சொன்னார்கள்: அறையின் முன்பாதி ஒலியை உட்கவரட்டும், பின்பாதி ஒலியைத் திருப்பி அனுப்பட்டும், ஆனால் சிதறடித்து அனுப்பட்டும்.

சிதறடிப்பது என்றால் என்ன? எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களை எங்கள் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். வழவழப்பான சுவரில் மோதும் அலை ஒரே அலையாகத் திரும்பும். மேடுபள்ளமான கற்களில் மோதும் அலை, கல்லுக்குக் கல் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு திசையில் திரும்பும். இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். கற்கள் அலையின் ஆற்றலைப் பெருமளவு விழுங்கிவிடும். நல்ல ஒலிச்சிதறல் சுவர் ஆற்றலின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். பல திசைகளுக்குப் பங்கிட்டுத் தரும்.

ஏழால் வகுத்த மீதி

அப்படியானால் மேடுபள்ளம் எந்த அளவில் இருக்க வேண்டும்? 1970-களில் இதற்கு விடை சொன்னவர் ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடர் (1926–2009). அவர் பேராசிரியராக இருந்த கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில்தான் கணித மேதை காஸும் பணியாற்றினார். காஸ் ஆராய்ந்த வர்க்க மீதிகளைத்தான் ஷ்ரோடர் சுவருக்குக் கொண்டுவந்தார்.

ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்வோம்: 7. முதலில் 0 முதல் 6 வரையுள்ள எண்களின் வர்க்கங்கள்: 0, 1, 4, 9, 16, 25, 36. இவற்றை 7-ஆல் வகுத்தால் மீதி: 0, 1, 4, 2, 2, 4, 1. சுவரில் ஏழு நெடும்பள்ளங்கள் அமைத்து, அவற்றின் ஆழத்தை இந்த விகிதத்தில் வைத்தால் போதும். ஆழமான பள்ளத்துக்குள் சென்ற ஒலி தாமதமாகவும், ஆழமற்றதில் பட்டது உடனேயும் வெளிவரும். இந்தத் தாமதங்களின் கூட்டுவிளைவால், வடிவமைத்த அதிர்வெண்ணில் ஒலி ஒரே திசையில் குவியாமல் பல திசைகளுக்கு ஏறத்தாழச் சமமாகப் பிரிகிறது.

ஓர் அலகின் ஆழத்தைக் கணக்கிட, அலைநீளத்தை 14-ஆல், அதாவது 7-இன் இருமடங்கால் வகுக்க வேண்டும். சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 70 செ.மீ. அதை 14-ஆல் வகுத்தால் 5 செ.மீ. ஆகவே பள்ளங்களின் ஆழம் 0, 5, 20, 10, 10, 20, 5 செ.மீ. பள்ளங்களுக்கு இடையே மெல்லிய தடுப்புப் பலகைகள் இருக்க வேண்டும்.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளையும் சிதறடிக்க வேண்டுமென்றால் கணக்கு பெரிதாகிவிடும். 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 3.5 மீட்டர், ஓர் அலகு 25 செ.மீ.; மிக ஆழமான பள்ளம் ஒரு மீட்டர்! அதனால்தான் முழு அளவில் சிதறலைப் பயன்படுத்தும் அறைகள் அரிது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிளாக்பேர்ட் ஸ்டுடியோவின் ‘சி’ அறையை அப்படி வடிவமைத்தவர் ஜார்ஜ் மாசன்பர்க். அங்கே சுவர்களிலும் கூரையிலும் வெவ்வேறு நீளமுள்ள கட்டைகள் நிறைந்திருக்கும். அவற்றின் நீளங்களும் பகா எண் சார்ந்த இன்னொரு மீதிக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

நம் வகுப்பறைக்கு என்ன பயன்?

இதைப் படித்ததும் பின்சுவரில் ஒரு சிதறல் பலகை செய்து மாட்டலாமா என்று எனக்கும் ஆசை வந்தது. கணக்கு அனுமதிக்கவில்லை. சிதறிய அலைகள் ஒன்றுகலக்க இடம் வேண்டும். கேட்பவர் குறைந்தது மூன்று அலைநீளத் தொலைவில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 500 ஹெர்ட்ஸுக்கு அது 2 மீட்டருக்கும் மேல். எங்கள் கடைசி வரிசை சுவரிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளியில்லை.

முட்டை அட்டை ஏன் தோற்றது என்பதும் அப்போது விளங்கியது. மெல்லிய அட்டை உயர்ந்த ஒலிகளைச் சிறிது உட்கவரும். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்காது. இரைச்சலைத் தடுக்க எடையும், இடைவெளியில்லாத அடைப்பும் தேவை. தவிர, அட்டை எளிதில் தீப்பற்றும். வகுப்பறைச் சுவரில் அதை ஒட்டவே கூடாது.

நாங்கள் செய்தவை எளியவை. சாலைப் பக்கச் சன்னல்களை, காற்றோட்டத்துக்கு எதிர்ப்பக்கச் சன்னல்கள் போதுமான நேரங்களில், மூடி வைக்கிறோம். நூலக அலமாரியைப் பின்சுவருக்கு மாற்றினோம். முன்னும் பின்னுமாக அடுக்கிய புத்தகங்கள் ஒலியை ஓரளவு சிதறடிக்கும், ஓரளவு உட்கவரும். பக்கச் சுவரில் தடித்த துணி போர்த்திய அறிவிப்புப் பலகை வைத்தோம். வரிசைகளை அரைவட்டமாக்கியதில் கடைசி மாணவிக்கும் எனக்கும் உள்ள தூரம் குறைந்தது. லாரிகள் இன்னும் போகின்றன. ஆனால் ‘விட்டம்’ பெரும்பாலும் விட்டமாகவே போய்ச் சேருகிறது.

வகுப்பறைச் செயல்பாடு

1. மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து 7, 11, 8 ஆகிய எண்களுக்கு வர்க்க மீதி காணச் சொல்லுங்கள். 11-க்கு 0, 1, 4, 9, 5, 3, 3, 5, 9, 4, 1 என வரும். 8-க்கு 0, 1, 4, 1, 0, 1, 4, 1.

2. மூன்றையும் வரைபடத்தாளில் பள்ளங்களாக வரையச் செய்யுங்கள். பகு எண்ணான 8-இல் நான்கு பள்ளங்களிலேயே அமைப்பு திரும்பிவிடுவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஷ்ரோடர் ஏன் பகா எண்ணைத் தேர்ந்தெடுத்தார் என்று பேச இதுவே தொடக்கம்.

3. ஓர் அலகு 1 செ.மீ. என்று வைத்தால் 7-இன் அமைப்பு எந்த அதிர்வெண்ணுக்கு உரியது எனக் கேளுங்கள். விடை: அலைநீளம் 14 செ.மீ., அதிர்வெண் சுமார் 2,500 ஹெர்ட்ஸ். மெய்யெழுத்துகளின் தெளிவுக்கு முக்கியமான பகுதி அது.

4. கடைசியாக, நீங்கள் கடைசி வரிசையில் போய் அமருங்கள். ஒரு மாணவரை முன்னால் நின்று பத்துச் சொற்கள் படிக்கச் சொல்லி, காதில் விழுந்தபடியே எழுதுங்கள். எத்தனை சரியாக வந்தன என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பறையில் எதை மாற்ற வேண்டும் என்பது அந்த எண்ணிலிருந்தே தெரிந்துவிடும்.