உங்களுக்குத் தெரியுமா? பிளக் பொருந்தினாலும் மின்சாரம் பொருந்தாது!

கீழவைப்பாரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவருக்கு முழு மாடுலர் பவர் சப்ளை எதற்கு? வேண்டிய கேபிளை மட்டும் செருகலாம், கேபினெட்டுக்குள் இடம் மிஞ்சும், சரிதான். ஆனால் உப்பளமும் மன்னார் வளைகுடாவும் பக்கத்திலிருக்கும் ஊரில், கழற்றி மாட்டும் ஒவ்வொரு பின்னும் உப்புக்காற்றில் களிம்பேற ஓர் இடம். மதர்போர்டில் எப்படியும் பிளக் உண்டே என்பீர்கள். உண்டு, மாடுலரில் அது இரண்டாகிறது. மதர்போர்டு கேபிள் உள்ளேயே இணைக்கப்பட்ட செமி-மாடுலரே இங்கு மேல்.

இன்னொன்று: 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் தரம் மதர்போர்டு பக்கப் பின்களை வரையறுக்கிறது, சப்ளை பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய சப்ளையின் கேபிள் புதியதிலும் கச்சிதமாக உட்காரலாம், ஆனால் கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும். சப்ளையை மாற்றும்போது பழைய கேபிளையும் கழற்றிவிடுங்கள்.